மாதிரி ஆய்வு: மாதிரித் தேர்வும் வினாநிரல் அமைப்பும்

பொருளாதாரம், சமூகவியல், வணிகவியல், கல்வியியல் ஆகிய துறைகளில் முதுகலைப் பட்டம் பெற முயலும் மாணவர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான குடும்பங்களைச் சந்தித்து விவரம் திரட்டுகின்றனர். ஊராட்சி, வட்டார, மாவட்ட நிலைகளில் பணிபுரியும் அலுவலர்களும் திட்டங்களின் பயன் யாரைச் சென்றடைந்தது என்று அறியச் சிறு ஆய்வுகளை நடத்துகின்றனர். இவ்வாய்வுகளின் முடிவுகள் ஆய்வேட்டிலோ கோப்பிலோ அடங்கிவிடுவதில்லை. பயனாளிகளின் பட்டியலில் சேர்க்கப்படுவோர் யார், விடுபடுவோர் யார் என்பதையும் சில வேளைகளில் அவை முடிவு செய்கின்றன. ஆகவே மாதிரி ஆய்வின் நெறிமுறைகளை அறிந்திருப்பது மாணவர்க்கும் அலுவலர்க்கும் இன்றியமையாததாகும்.

ஆய்வு நடத்துவோர் பலரும் முதலில் எழுப்பும் வினா, "எத்தனை குடும்பங்களை எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்பதே. இது தேவையான வினாவே. ஆயினும் இதற்கு முன்னர் விடை காண வேண்டிய வினாக்கள் இரண்டு உள. எந்தப் பட்டியலிலிருந்து, எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்பது ஒன்று. எதனை, எவ்வாறு, யாரிடம் கேட்பது என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் தவறு நேர்ந்தால், எண்ணிக்கையை எவ்வளவு பெருக்கினாலும் அத்தவறு குறையாது.

இருவகைப் பிழைகள்

ஆய்வில் தோன்றும் பிழைகளை இரண்டாகப் பகுக்கலாம். அனைவரையும் கேளாமல் சிலரை மட்டுமே கேட்பதால் விளைவது மாதிரித் தேர்வுப் பிழை. தவறான பட்டியல், தெளிவற்ற வினா, மறதி, விடையளிக்க மறுத்தல், விவரம் சேகரிப்பவரின் கவனக்குறைவு முதலியவற்றால் விளைவது பிறவகைப் பிழை. முன்னது மாதிரியின் அளவு பெருகப் பெருகக் குறையும். அதன் அளவைக் கணக்கிட்டுக் கூறவும் இயலும். பின்னது அவ்வாறு குறைவதில்லை. பெரிய ஆய்வில் பலரை அமர்த்த வேண்டியிருப்பதாலும், மேற்பார்வை தளர்வதாலும், அது மிகுவதும் உண்டு.

இவ்வேறுபாட்டை இந்தியப் புள்ளியியலாளர்கள் தொடக்க காலத்திலேயே உணர்ந்திருந்தனர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகாலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரிடப்பட்ட பரப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் பணியை 1937-இல் தொடங்கினார். பயிர் அறுவடைச் சோதனைகளில் பி. வி. சுகாத்மே போன்ற அறிஞர்கள் கண்ட உண்மை ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. வயலில் மிகச் சிறிய பரப்பைக் குறித்து அறுவடை செய்து எடை போட்டால், விளைச்சல் உள்ளதைவிட மிகையாகவே மதிப்பிடப்பட்டது. எல்லைக் கோட்டின் மீது நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பு களப்பணியாளரிடம் இருந்ததே காரணம். பரப்பு சிறிதாக இருக்கும்போது எல்லைச் செடிகளின் பங்கு பெரிதாகிறது. இத்தகைய சோதனைகளை நூறு நடத்தினாலும் ஆயிரம் நடத்தினாலும் மிகை மதிப்பீடு அப்படியேதான் இருக்கும். அளக்கும் முறையை மாற்றினாலன்றி அது நீங்காது. எப்போதும் ஒரே திசையில் சாயும் இத்தகைய பிழையை ஒருசார்புப் பிழை எனலாம்.

பட்டியலே அடிப்படை

யாரைப் பற்றி முடிவு கூற விரும்புகிறோமோ அவர்கள் அனைவரும் அடங்கியது முழுத்தொகுதி. அதன் உறுப்புகளை ஒன்று விடாமல், ஒன்றை இருமுறை சேர்க்காமல் குறித்த பட்டியலிலிருந்தே மாதிரி எடுக்கப்பட வேண்டும். கைக்கு எளிதாகக் கிட்டும் பட்டியல் முழுமையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்காளர் பட்டியலில் அண்மையில் குடியேறியோர் விடுபட்டிருக்கலாம். குடும்ப அட்டைப் பட்டியலில் அட்டை இல்லாதோர் இடம்பெறார். வறுமையை ஆராயப் புகுவோர் குடும்ப அட்டைப் பட்டியலை மட்டுமே நம்பினால், அட்டை பெற இயலாத மிக வறியவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டுவிடுவர்.

அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றின் அடிப்படையில் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46-இல் ரூஸ்வெல்ட்டே வென்றார். தொலைபேசியும் மோட்டார் வாகனமும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து பெயர்கள் பெருமளவில் எடுக்கப்பட்டதும், விரும்பியோர் மட்டுமே விடையளித்ததும் இத்தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இன்று கைபேசி வாயிலாக நண்பர் குழுக்களுக்கு வினாப் படிவத்தை அனுப்பி, விடையளித்த சில நூறு பேரின் கருத்தை மாவட்ட மக்களின் கருத்தாகக் கூறும் ஆய்வுகளிலும் இதே குறைபாடு காணப்படுகிறது. இத்தகைய விவரங்கள் வினாக்களைச் சோதித்துப் பார்க்க உதவலாம். ஆனால் விகிதங்களை மதிப்பிட அவை உதவமாட்டா.

இந்தியாவில் 1950 அக்டோபரில் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் நடைமுறை இவ்வகையில் மாணவர்க்குச் சிறந்த வழிகாட்டியாகும். அதன் முதற்சுற்றுக்கு 1833 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இன்றும் கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பின் களப்பணியாளர் நேரில் சென்று, அங்குள்ள குடும்பங்களைப் புதிதாகப் பட்டியலிட்ட பின்னரே மாதிரிக் குடும்பங்களைத் தேர்வு செய்கின்றனர். பெரிய கிராமமாயின் அதனைக் குடியிருப்புப் பகுதிகளாகப் பிரித்துச் சில பகுதிகளில் மட்டும் இப்பணி செய்யப்படுகிறது. ஒரு மாணவர் ஓர் ஊரில் ஒரு நாளை இப்பணிக்குச் செலவிட்டால், அது வீணான நாள் ஆகாது.

தேர்ந்தெடுக்கும் முறைகள்

எளிய சமவாய்ப்பு முறையில் பட்டியலிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் சமமான வாய்ப்பு அளிக்கப்படுகிறது. சமவாய்ப்பு எண் அட்டவணையையோ கணிப்பொறியையோ கொண்டு எண்கள் எடுக்கப்படுகின்றன. வழியில் எதிர்ப்பட்டோரைக் கேட்பது சமவாய்ப்பு ஆகாது. அவ்வாறு கேட்கும்போது பகலில் தெருவில் நடமாடுவோரே மிகுதியாக அகப்படுவர்.

முழுத்தொகுதியில் தன்மையால் வேறுபட்ட பிரிவுகள் இருப்பின், அவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுப்பது அடுக்கு முறை. பாசன வசதியுள்ள கிராமங்களையும் மானாவாரிக் கிராமங்களையும் இவ்வாறு பிரிக்கலாம். ஓர் அடுக்கிற்கு அதன் பங்கைவிட மிகுதியான இடம் அளித்திருந்தால், முழுமைக்கான சராசரியைக் கணக்கிடும்போது உரிய நிறையிட்டு அதனைச் சரிசெய்தல் வேண்டும்.

வட்டாரம் முழுவதற்கும் குடும்பப் பட்டியல் கிடைக்காதபோது இருகட்ட முறை கைகொடுக்கும். முதலில் கிராமங்களையும், பின் அக்கிராமங்களில் குடும்பங்களையும் தேர்ந்தெடுக்கலாம். கிராமங்கள் அளவில் வேறுபடுவதால், அளவுக்கேற்ற வாய்ப்பு அளிப்பது நன்று. எடுத்துக்காட்டாக, நான்கு கிராமங்களில் முறையே 150, 400, 250, 200 குடும்பங்கள் உள்ளன என்று கொள்வோம். இவற்றைத் தொடர்ந்து கூட்டினால் 150, 550, 800, 1000 என வரும். 1 முதல் 1000 வரை ஒரு சமவாய்ப்பு எண் எடுக்கப்படுகிறது. அது 613 ஆயின், 551 முதல் 800 வரையுள்ள எண்களுக்கு உரிய மூன்றாம் கிராமம் தேர்வு பெறும். இவ்வாறு தேர்வு பெற்ற ஒவ்வொரு கிராமத்திலும் 10 குடும்பங்களை எடுத்தால், பெரிய கிராமத்துக் குடும்பத்திற்கும் சிறிய கிராமத்துக் குடும்பத்திற்கும் வாய்ப்பு சமமாகும். முதற்கிராமத்திற்கு 1000-இல் 150 வாய்ப்பு. அதனுள் ஒரு குடும்பத்திற்கு 150-இல் 10 வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் 1000-இல் 10. மற்ற கிராமங்களுக்கும் இதே விடை வரும். நீண்ட கூட்டல் பட்டியல் இல்லாமலே இத்தேர்வைச் செய்யும் எளிய முறை ஒன்றை 1951-இல் டி. பி. லாகிரி அளித்தார்.

மூன்றாம் கிராமத்தின் 250 குடும்பங்களிலிருந்து 10 குடும்பங்களை எடுக்க ஒழுங்கிடைவெளி முறையைக் கையாளலாம். 250-ஐப் பத்தால் வகுக்க இடைவெளி 25. 1 முதல் 25 வரை சமவாய்ப்பாக எடுத்த எண் 7 ஆயின், பட்டியலில் 7, 32, 57 எனத் தொடங்கி 232 வரையுள்ள பத்துக் குடும்பங்கள் மாதிரியாகும். இம்முறை எளியது, களத்தில் எவரும் சரிபார்க்கத் தக்கது. ஆனால் பட்டியலிலேயே ஓர் ஒழுங்கு மீண்டும் மீண்டும் வருமாயின் எச்சரிக்கை தேவை. வரிசைக்கு 25 வீடுகள் கொண்ட குடியிருப்பில், தொடக்க எண் 1 ஆயின் வரிசைதோறும் முனை வீடுகளே மாதிரியில் அமைந்துவிடும்.

மாதிரியின் அளவு

எண்ணிக்கை பற்றிய வினாவுக்கு இப்போது வரலாம். மக்களில் பாதிப் பேரிடம் காணப்படும் ஒரு தன்மையை எளிய சமவாய்ப்பு முறையில் மதிப்பிடுவதாகக் கொண்டால், 100 பேரைக் கேட்கும்போது விடை ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள் முன்பின்னாக அமையும். 400 பேராயின் 5 புள்ளிகள். 1600 பேராயின் இரண்டரைப் புள்ளிகள். நூற்றுக்கு 95 முறை உண்மை இவ்வெல்லைக்குள் அடங்கும். பிழையைப் பாதியாக்க எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டியிருப்பதைக் காண்க. முழுத்தொகுதி மிகப் பெரிதாயின், அது ஒரு மாவட்டமா ஒரு மாநிலமா என்பதால் இக்கணக்கு குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. 'மக்கள் தொகையில் பத்து விழுக்காடு' என்று பலர் கையாளும் விதிக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை.

ஆனால் ஒரே ஊரில் வாழ்வோர் பலவகையிலும் ஒத்திருப்பர். ஆகவே ஓர் ஊரிலேயே பலரைக் கேட்பதால் கிடைக்கும் புதிய செய்தி குறைவு. இவ்வொப்புமையின் அளவு 0.05 என்னும் சிறு எண்ணாக இருந்தாலும், 20 ஊர்களில் ஊருக்கு 20 வீதம் எடுத்த 400 குடும்பங்கள், எளிய சமவாய்ப்பு முறையில் எடுத்த ஏறத்தாழ 205 குடும்பங்களுக்கே நிகராகும். அதே 400 குடும்பங்களை 40 ஊர்களில் ஊருக்கு 10 வீதம் எடுத்தால் ஏறத்தாழ 276-க்கு நிகராகும். பயணச் செலவு இடங்கொடுக்கும் வரை ஊர்களை மிகுதியாகவும், ஊருக்குரிய குடும்பங்களைக் குறைவாகவும் அமைப்பது பயன் தரும்.

வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைக் கேட்பது பொதுவாகக் காணப்படும் பழக்கம். பகலில் பூட்டிய வீடு பெரும்பாலும் கணவனும் மனைவியும் கூலி வேலைக்குச் சென்ற வீடாக இருக்கும். அதற்குப் பதிலாகத் திறந்திருக்கும் வீட்டைச் சேர்த்தால் உழைப்போரின் பங்கு குறைந்து தோன்றும். மாலையிலோ விடுமுறை நாளிலோ மீண்டும் செல்வதே முறை. காலமும் கருதத்தக்கது. கோடை விடுமுறையில் மட்டும் நடத்தப்படும் வேலைவாய்ப்பு ஆய்வு, நடவு, அறுவடைக் காலங்களின் நிலையைக் காட்டாது. தேசிய மாதிரி ஆய்வில் ஓராண்டின் பணி வழக்கமாக நான்கு உட்சுற்றுகளாகப் பகுக்கப்பட்டு, கிராமங்கள் அவற்றிடையே பங்கிடப்படுவது பருவ வேறுபாடுகளைக் கருதியே ஆகும்.

வினா மாறின் விடை மாறும்

வினா அமைப்பால் ஒரு நாட்டின் வறுமை மதிப்பீடே மாறக்கூடும் என்பதற்கு இந்திய அனுபவமே சான்று. தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவு விவரங்கள் நெடுங்காலமாகக் 'கடந்த 30 நாட்களில்' என்ற அடிப்படையில் கேட்கப்பட்டு வந்தன. 1994 முதல் 1998 வரை நடந்த 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில் ஒரு சோதனை செய்யப்பட்டது. குடும்பங்கள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவிடம் பழைய முறையிலும், மற்றொரு பிரிவிடம் உணவு முதலிய பொருள்களுக்குக் 'கடந்த 7 நாட்களில்' என்றும் கேட்கப்பட்டது. துணி, கல்வி, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்குப் பின்னவரிடம் ஓராண்டுக் கணக்கு கேட்கப்பட்டது. மக்கள் ஒன்றே, காலமும் ஒன்றே. ஆயினும் 7 நாள் முறையில் செலவு மிகுந்து காணப்பட்டது. அதே வறுமைக் கோட்டைக் கொண்டு கணித்தால் வறியோர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்ற நிலை தோன்றியது. ஒருவருக்கும் வருவாய் உயரவில்லை. வினா மட்டுமே மாறியது.

1999-2000-இல் நடந்த 55-ஆம் சுற்றில் உணவுச் செலவு 7 நாள், 30 நாள் ஆகிய இரு அடிப்படைகளிலும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டது. ஒரு விடை மற்றொன்றைப் பாதித்திருக்கும் என்று அறிஞர் பலர் சுட்டினர். அதனால் 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாகக் குறைந்தது என்ற மதிப்பீட்டை முந்தையதனுடன் நேரடியாக ஒப்பிடலாமா என்பது பெரும் விவாதமாயிற்று. 2022-23-ஆம் ஆண்டு நுகர்வுச் செலவு ஆய்வில் வினாக்கள் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மூன்று முறை நேரில் சென்று விவரம் பெறப்பட்டது. எனவே அதன் முடிவுகளை முந்தைய ஆய்வுகளுடன் ஒப்பிடும்போதும் முறை மாற்றத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

குறுகிய கால அளவே எப்போதும் சரியானது என்று இதனால் கொள்ளலாகாது. நீண்ட காலத்தைக் கேட்டால் சிறு செலவுகள் மறந்துபோகும். குறுகிய காலத்தைக் கேட்டால், அதற்குச் சற்று முன் நடந்ததையும் அதனுள் சேர்த்துக் கூறும் இயல்பு தலைகாட்டும். நாள்தோறும் வாங்கும் பொருளுக்குக் குறுகிய காலமும், எப்போதாவது வாங்கும் பொருளுக்கு நீண்ட காலமும் பொதுவாகப் பொருந்தும். வேறோர் ஆய்வுடன் ஒப்பிடும் நோக்கம் இருப்பின், அதன் வினாவையும் கால அளவையும் மாற்றாமல் கையாளல் வேண்டும்.

கேட்கப்படாத உழைப்பு

மகளிரின் உழைப்பு மற்றொரு சான்று. "உங்கள் வீட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்களா?" என்று குடும்பத் தலைவரிடம் கேட்டால், "இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்பதே பல இடங்களில் கிடைக்கும் விடை. அதே பெண் காலையில் கறவை மாடுகளைக் கவனித்து, பகலில் சொந்த வயலில் களையெடுத்து, மாலையில் விறகு சுமந்து வந்திருக்கலாம். 'வேலை' என்ற சொல்லைக் கூலி பெறும் வேலை என்றே மக்கள் பொருள்கொள்வதால், அவர் வேலையற்றவராகப் பதியப்படுகிறார்.

இக்குறையைக் களையத் தேசிய மாதிரி ஆய்வு 1977-78-ஆம் ஆண்டுச் சுற்றில், வீட்டுப்பணியில் மட்டும் ஈடுபட்டவராகக் கூறப்பட்ட மகளிரிடம் கால்நடை, காய்கறித் தோட்டம், விறகு சேகரித்தல், தையல் முதலியவை பற்றித் தனித்தனியே கேட்கத் தொடங்கியது. 1991-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் அடங்கும் என்ற விளக்கம் வினாவிலேயே சேர்க்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, 24 மணி நேரம் எவ்வாறு கழிந்தது என்பதைப் பதிவு செய்தது. ஊதியமற்ற வீட்டுப்பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவற்றில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அது காட்டியது. 'வேலை செய்கிறீர்களா?' என்ற ஒற்றை வினாவில் இவ்வுழைப்பு அகப்பட்டிருக்காது.

வினாநிரல் அமைக்கும் நெறிகள்

முதலில், ஆய்வின் இறுதியில் எந்தெந்த அட்டவணைகள் தேவை என்பதை வரைந்துகொள்ள வேண்டும். எந்த அட்டவணையிலும் இடம்பெறாத வினாவை நீக்கிவிடலாம். நீண்ட வினாநிரல் விடையளிப்போரைக் களைப்புறச் செய்யும். பிற்பகுதி விடைகளின் தரம் தாழும்.

ஒரு வினாவில் ஒரு பொருளையே கேட்க வேண்டும். "குடிநீர், மின்சார வசதிகள் உங்களுக்கு மனநிறைவு அளிக்கின்றனவா?" என்பது இரண்டு வினாக்கள். "சத்துணவின் பயனை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா?" என்பது விடையைத் தானே ஊட்டும் வினா. 'அடிக்கடி', 'சில வேளைகளில்' என்னும் சொற்களுக்குப் பதிலாக 'கடந்த 7 நாட்களில் எத்தனை நாள்' என்று கேட்பது நன்று. வருவாய்ப் பிரிவுகளை '5000 முதல் 10000 வரை', '10000 முதல் 15000 வரை' என்று அமைத்தால், 10000 ரூபாய் பெறுபவர் எதில் அடங்குவார் என்ற ஐயம் எழும். 'இல்லை', 'தெரியாது', 'கேட்கப்படவில்லை' ஆகிய மூன்றும் வெவ்வேறு விடைகள். அவற்றுக்கு வெவ்வேறு குறியீடுகள் வேண்டும். வெற்றிடமாக விட்ட கட்டம் பின்னர் சுழியமாகக் கருதப்பட்டுச் சராசரியைக் கெடுத்துவிடும்.

வயதைக் கேட்கும்போது 30, 35, 40 என 0, 5 ஆகியவற்றில் முடியும் எண்களையே பலர் கூறுவது மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளில் தொடர்ந்து காணப்படும் இயல்பு. உள்ளூரில் அனைவரும் அறிந்த வெள்ளம், புயல், தேர்தல் போன்ற நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாகக் குறித்து வைத்துக்கொண்டு கேட்டால் விடை செம்மைப்படும். கடன், வருவாய் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே கேளாது, நம்பிக்கை ஏற்பட்ட பின் கேட்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வினாக்களை அமைத்து, களத்தில் வாய்மொழியாகப் பெயர்த்துக் கேட்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். நான்கு பேர் பெயர்த்தால் நான்கு வினாக்கள் பிறக்கும். வினா மக்கள் மொழியில் அச்சிடப்பட்டு, எழுதியவாறே கேட்கப்பட வேண்டும். மாதிரியில் சேராத 20 அல்லது 30 குடும்பங்களிடம் முன்சோதனை செய்து, அவர்கள் வினாவை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

சரிபார்த்தலும் நம்பிக்கையும்

விவரம் சேகரிப்போர் இருவர் இருப்பின், மகாலனோபிஸ் வகுத்த ஊடுபாவு மாதிரி முறையை மாணவரும் சிறு அளவில் கையாளலாம். ஒவ்வோர் ஊரிலும் மாதிரிக் குடும்பங்களைச் சமவாய்ப்பாக இரு பாதிகளாக்கி, ஆளுக்கொரு பாதி அளிக்க வேண்டும். இரு பாதிகளின் முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால், தவறு மக்களிடம் அன்று, கேட்டவரிடம் இருக்கலாம் என்பது புலப்படும். ஒருவருக்கு வடபகுதி ஊர்களும் மற்றவருக்குத் தென்பகுதி ஊர்களும் அளித்தால் இச்சோதனை இயலாது.

விடையளிப்போரின் இசைவைப் பெறுவதும், பெயரும் முகவரியும் வெளிப்படாது காப்பதும் ஆய்வாளரின் கடமை. 1948-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், தனிநபர் விவரப் பதிவுகளை வெளியார் பார்வையிட இயலாதவாறு காக்கிறது. மாணவர் நடத்தும் ஆய்வு அச்சட்டத்தின்கீழ் வாராது. எனினும் அதன் நோக்கம் அனைவருக்கும் பொருந்தும். உதவித்தொகை கிடைக்கும் என்ற எண்ணத்தையோ, வரி விதிக்கப்படும் என்ற அச்சத்தையோ ஏற்படுத்தினால் விடைகள் திரிபுறும்.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் 'சமவாய்ப்பு முறையில் 300 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்' என்ற ஒரு வரி போதாது. எந்தப் பட்டியல், எத்தனை கட்டங்கள், எத்தனை பேர் கிடைக்கவில்லை, கேட்ட மாதங்கள் எவை, வினாவின் சரியான வாசகம் என்ன என்பவை கூறப்பட வேண்டும். இவை தெரிந்தாலன்றி அடுத்து வரும் ஆய்வாளரோ, அவ்வாய்வைக் கொண்டு முடிவெடுக்கும் அலுவலரோ அதன் எல்லையை அறிய இயலாது. பொருளும் காலமும் குறைந்த மாணவர் ஆயிரம் பேரை அவசரமாகக் கேட்பதைவிட, நல்ல பட்டியலிலிருந்து எடுத்த 300 பேரை, சோதித்துச் செம்மை செய்த வினாக்களுடன் பொறுமையாகக் கேட்பதே மேல். பூட்டிய வீட்டிற்கு மீண்டும் ஒருமுறை செல்வதும், வேலையில்லை என்று சொல்லப்பட்ட பெண்ணிடம் நேரில் கேட்பதும் ஆய்வின் செலவைச் சிறிதளவே கூட்டும். ஆனால் அவர்களின் நிலை கணக்கில் இடம்பெறுவது அதனால்தான்.